நூற்றைம்பது லென்ஸும் ஏழாவது படமும்

எங்கள் பேருந்துக் கம்பெனியின் விபத்துப் பிரிவில் மொத்தமே மூன்று மேசைகள். ஒன்று கண்காணிப்பாளருடையது. அவர் பெரும்பாலும் டீ குடிக்கப் போயிருப்பார். இன்னொன்று டைப் அடிக்கும் என்னுடையது. ஜன்னலோரத்து மேசை மில்லிமீட்டர் அக்காவுடையது. அந்தப் பெயரை வைத்தவன் நான்தான். அதற்காக எனக்கு வெட்கமும் கிடையாது. காலையில் வந்து பையை இறக்கியதிலிருந்து சாயங்காலம் பையைத் தூக்கும்வரை ஐம்பது, நூறு, நூற்றைம்பது என்றே பேசிக்கொண்டிருக்கும் ஒருவரை வேறு எப்படிக் கூப்பிடுவதாம்?

எங்கள் பேருந்து எங்கே யாரை இடித்தாலும் அங்கே போய்ப் படம் எடுப்பது அக்காவின் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதைத்தான் செய்துவந்தார். அவருடைய கேமரா மடித்தால் சூட்கேஸ் அளவு, விரித்தால் ஆர்மோனியத் துருத்தி மாதிரி நீளும். அதில் போடுவது சுருள் பிலிம் இல்லை. உள்ளங்கை அகலத்துக்குத் தனித்தனி ஷீட். ஒரு பிலிம் சட்டத்தில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு ஷீட் செருகலாம். எங்கு போனாலும் அப்படி மூன்று சட்டம் எடுத்துப்போவார். ஊரே கையடக்கக் கேமராவுக்கு மாறிய பிறகும் அவர் அந்தச் சுமையை விடவில்லை. ஷீட்டில் எடுத்தால்தான் தார் ரோட்டில் டயர் தேய்ந்த தடம் நூல் நூலாகத் தெரியும் என்பார். அது உண்மைதான், நானே பார்த்திருக்கிறேன்.

அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. டிரைவர் சீட்டிலிருந்து எடுக்கும் படம் மட்டும் டிரைவரின் கண்ணுக்குத் தெரிந்தபடியே இருக்க வேண்டும், ஒரு பொட்டு கூடவோ குறையவோ கூடாது. அதற்காகத் தன் மேசைக்கு மேலே சுவரில் ஓர் அட்டவணை எழுதி ஒட்டியிருந்தார். சின்னப் பிலிமுக்கு ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸ். அதைவிட அகலமான ரோல் பிலிமுக்கு நூறு. ஷீட்டுக்கு நூற்றைம்பது. லென்ஸ் எண் மூன்றும் வேறு வேறாக இருந்தாலும் படத்தில் தெரியப்போவது ஏறக்குறைய ஒன்றுதான், அதாவது சும்மா நின்று பார்த்தால் கண்ணுக்குப் படுகிற அளவு.

வந்த புதிதில் எனக்கு இது மண்டையில் ஏறவே இல்லை. "எண் பெரிசானா கிட்ட தெரியும்னுதானேக்கா சொல்றாங்க?" என்று ஒரு முறை கேட்டுவிட்டேன். அன்றைக்கு வேலை எதுவும் நடக்கவில்லை.

"எண்ணை மட்டும் பார்த்து என்ன தம்பி பண்றது? அதுக்குப் பின்னாடி என்ன பிலிம் இருக்குன்னு பார்க்கணும். எங்க வீட்டுக்காரர்கிட்ட ஒருத்தர் வந்து ரெண்டு மீட்டர் துணி குடுத்து சட்டை தைங்கன்னா, யாருக்கு சட்டைன்னு கேக்காம வெட்டிடுவாரா?"

அவருடைய வீட்டுக்காரர் தையல்காரர். அந்த வீட்டில் இரண்டு பேரும் அளவுநாடாவை வைத்துத்தான் உலகத்தைப் பார்த்தார்கள். எனக்கு அவர்களைப் பார்த்தால் சிரிப்பும் வரும், கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பத்தொன்பது வருடம் ஒரு கீறல் விழாமல் வண்டி ஓட்டிய ஒரு டிரைவர், மார்க்கெட் தெரு வளைவைத் தாண்டியதும் சந்திலிருந்து சைக்கிளில் வந்த ஒரு டீச்சரை இடித்துவிட்டார். டீச்சருக்குக் கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. உயிருக்கு ஒன்றும் இல்லை. வளைவு திரும்பிய உடனே சந்தின் வாய் டிரைவர் கண்ணில் பளிச்சென்று பட்டிருக்குமா, இல்லையா என்பதுதான் விசாரணையில் கேள்வி. பட்டிருக்கும் என்றால் அவர் ரோட்டைப் பார்க்கவில்லை என்று அர்த்தம், வேலை போய்விடும். இந்த வயதில் வேறு எந்தக் கம்பெனியும் அவரைச் சீட்டில் உட்கார வைக்காது.

அக்கா ஏழு படம் கொண்டுவந்தார். ஆறு ரோட்டில் எடுத்தது. ஏழாவது, அதே வண்டியை வளைவில் நிறுத்தி டிரைவர் சீட்டிலிருந்து எடுத்தது. அளவு தெரிவதற்காகச் சந்தின் வாயில் டிப்போ மெக்கானிக்கைச் சைக்கிளோடு நிறுத்தியிருந்தார். படத்தின் நடுவில் சந்து அகலமாகத் திறந்திருந்தது. மெக்கானிக்கின் சட்டைப் பாக்கெட்டில் சொருகியிருந்த பேனாகூடத் தெரிந்தது. ஒவ்வொரு படத்தின் பின்னாலும் அவருடைய ரப்பர் ஸ்டாம்ப் இருந்தது. தேதி, இடம், லென்ஸ் 150, கையெழுத்து.

விசாரணை ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது. விசாரணை அதிகாரி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். நான் ஓரமாக டைப் மெஷினோடு இருந்தேன். டிரைவர் நாற்காலியின் நுனியில், விழுந்துவிடுவார் போல உட்கார்ந்திருந்தார். அவர் பக்கம் பேச வந்தவர் சங்கச் செயலாளர். அந்த ஆளை எனக்கு எப்போதுமே பிடிக்காது. தெரியாத விஷயத்தைத்தான் சத்தமாகப் பேசுவார்.

"சார், இந்தப் படத்தைத் திருப்பிப் பாருங்க. லென்ஸ் நூத்தம்பதுன்னு அவங்களே முத்திரை குத்தியிருக்காங்க. நூத்தம்பதுங்கிறது குருவியைப் படம் புடிக்கிற லென்ஸ் சார். என் மச்சான்கிட்ட இருக்கு. மரத்து உச்சியில இருக்கிறதை மடியில கொண்டாந்து உக்கார வெச்சிடும். சந்து தூரத்துல இருக்கு, இவங்க படத்துல கிட்ட இழுத்துட்டாங்க."

அக்காவின் காது மடல் சிவந்ததை நான் பார்த்தேன். எழுந்து நின்றார்.

"உங்க மச்சான் கேமராவுல என்ன பிலிம் போடறாரு?"

"எல்லாரும் போடற பிலிம்தான்."

"அது எவ்வளவு பெரிசு? கையில காட்டுங்க."

செயலாளர் கட்டைவிரலின் மேல்பாதியைக் காட்டினார். அக்கா தன் உள்ளங்கையை விரித்து அதிகாரியிடம் காட்டினார். "என்னுது இவ்வளவு பெரிசு சார்." பிறகு பையிலிருந்து இரண்டு அட்டைகளை எடுத்தார். ஒன்றில் சின்னப் பிலிம் அளவுக்கு ஓட்டை வெட்டியிருந்தது, மற்றதில் ஷீட் அளவுக்கு. அதிகாரியை ஒரு கண்ணை மூடச் சொன்னார். சின்ன ஓட்டையைக் கண்ணிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தார். "இது அவங்க மச்சான் கேமராவுல ஐம்பது லென்ஸ் போட்டா. என்ன தெரியுது?"

"கதவு, காலண்டர், அப்புறம் பீரோவுல பாதி."

பெரிய ஓட்டையைப் பதினைந்து சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தார். "இது என் நூத்தம்பது."

"அட, அதே கதவு, அதே காலண்டர், அதே பீரோ!" அதிகாரிக்கு வாயெல்லாம் பல். அட்டைகளை வாங்கித் தானே மாற்றி மாற்றிப் பார்த்தார். டிரைவரிடமும் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். அவரும் பார்த்துவிட்டு, "ஆமாங்க, ஒண்ணாத்தான் இருக்கு" என்றார். செயலாளர் முகம் சுண்டிப்போய் உட்கார்ந்தார். எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது.

அப்போது டிரைவர் மெதுவாகக் கேட்டார். "அம்மா, ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். வளைவு திரும்பினா ஓரத்துல மார்க்கெட் வாசல் தெரியும்ங்க. ஆளுங்க ரோட்டுல இறங்கி நிப்பாங்க. நான் அவங்க மேலதான் கண்ணு வெச்சிருந்தேன். இந்தப் படத்துல வாசலே காணோமே?"

அக்கா சண்டையில் ஜெயித்த சூட்டில் இருந்தார். "என் படத்துல இல்லைன்னா சீட்டுல நேரா உக்காந்து பார்க்கிற கண்ணுலயும் இல்லைன்னு அர்த்தம். நீங்க கழுத்தைத் திருப்பிப் பார்த்திருப்பீங்க."

டிரைவர் படத்தைக் கையில் வாங்கினார். வெகுநேரம் பார்த்தார். "படம் பொய் சொல்லுமா? அப்போ நான்தான் ரோட்டை விட்டுட்டு வேற பக்கம் திரும்பிட்டேன் போலிருக்கு" என்றார். அதிகாரி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் அந்த வாக்கியத்தை அப்படியே டைப் அடித்தேன். டிரைவர் அதன் கீழே கையெழுத்துப் போட்டார். உத்தரவு திங்கட்கிழமை என்றார்கள்.

அன்று சாயங்காலம் நான் செயலாளரின் முகம் போன போக்கை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். அக்கா சிரிக்கவில்லை.

"தம்பி, பஸ்ஸுல அந்த வளைவு திரும்பறப்ப மார்க்கெட் வாசல் தெரியும்ல?"

"நான் எங்கக்கா வெளிய பார்த்தேன்? எனக்கு நிக்க இடம் கிடைச்சாலே பெரிசு."

அவர் பையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் சனிக்கிழமை, அரை நாள் வேலை. அக்கா வந்ததும் நெகட்டிவ் உறைகளை எடுத்துக்கொண்டு இருட்டறைக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. முகத்தில் ஈயாடவில்லை. ஏதோ வீட்டிலிருந்து கெட்ட செய்தி வந்துவிட்டதென்று நான் எழுந்தேன். அவர் ஓர் உறையை என் மேசையில் வைத்தார். முதல் ஆறு உறைகளிலும் உள்ளங்கை அகல ஷீட்கள். ஏழாவது உறையிலிருந்து வெளியே வந்தது ஒரு ரோல் பிலிம் துண்டு.

"ரோட்டுலயே ஆறு ஷீட்டும் தீர்ந்துடுச்சு தம்பி. மழை வேற. மூணு மணிக்கு வண்டி வேணும்னு டிப்போ மேனேஜர் பக்கத்துலயே நிக்கறாரு. சரின்னு அவசரத்துக்கு வெச்சிருக்கிற ரோல் பிலிம் பெட்டியை கேமராவுக்குப் பின்னாடி மாட்டி எடுத்தேன். லென்ஸை மாத்தலை."

"மாத்தலைன்னா?"

"ரோலுக்கு நூறு போடணும். நூறு பையிலேயே கிடந்துச்சு. நூத்தம்பதுலயே எடுத்துட்டேன். ஸ்டாம்பும் வழக்கம்போலக் குத்திட்டேன்."

நான் இன்னும் முழித்துக்கொண்டிருந்ததால் ஓர் அட்டையை எடுத்து ரோல் பிலிம் அளவுக்கு வெட்டினார். அதை என் கண்ணிலிருந்து பதினைந்து சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தார். நேற்று அதிகாரி பார்த்தது கதவும் காலண்டரும் பாதி பீரோவும். எனக்குத் தெரிந்தது எங்கள் கதவில் பாதிக்குக் கொஞ்சம் மேல். பக்கத்து அலமாரியும் கண்காணிப்பாளர் மேசையும் காணாமல் போயிருந்தன. அந்தத் துண்டைத்தான் மற்ற ஆறு படங்களின் அளவுக்கே பெரிதாக்கிப் பிரிண்ட் போட்டிருந்தார். சந்து ஒன்றே முக்கால் மடங்கு பெரிதாகிவிட்டது. மார்க்கெட் வாசல், அங்கே நின்ற ஜனங்கள், டிரைவர் கண் வைத்திருந்த எல்லாம் ஓரத்தோடு வெட்டுப்பட்டுப் போய்விட்டன. சங்கச் செயலாளர் எதுவும் தெரியாமல் உளறியது சரியாகப் போயிற்று. அக்கா எல்லாம் தெரிந்து போட்ட கணக்கு தப்பாகப் போயிற்று.

நான் சொன்னதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். "அக்கா, சும்மா விடுங்க. அவரே ஒத்துக்கிட்டு கையெழுத்துப் போட்டாச்சு. இப்ப போய் சொன்னா இருபத்திரண்டு வருஷத்து பேரு ஒரே நாள்ல போயிடும். இனிமே எந்தப் படத்தை நம்புவாங்க?"

அவர் கோபப்படவில்லை. "அவர் எதைப் பார்த்து ஒத்துக்கிட்டாரு?" என்று மட்டும் கேட்டார். உடனே ஓடிப்போய் அதிகாரி அறையைப் பார்த்தோம், பூட்டியிருந்தது. டிரைவரின் வீடு எங்கே என்று எங்கள் இருவருக்கும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா சாப்பிடவில்லையாம். சாயங்காலம் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னாராம். அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "வேலை போயிடுமா?" என்று கேட்டிருக்கிறார்.

"போனாலும் போகும்."

"சரி, நான் இருக்கேன்ல. நாளைக்குப் போட்டுக்கிட்டுப் போறதை எடுத்துக் குடு, இஸ்திரி போட்டு வெக்கறேன். கசங்கிப் போய் நிக்காத."

இதை அக்கா என்னிடம் சொல்லும்போது அழுதார். அந்த மனிதர் மேல் எனக்கு அன்றுதான் மரியாதை வந்தது.

திங்கள் காலை ஒன்பது மணிக்கு அதிகாரியின் அறை வாசலில் நாங்கள் நின்றோம். அக்கா நெகட்டிவை மேசையில் வைத்து, சுற்றி வளைக்காமல் சொன்னார். அதிகாரிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கோபம் தலைக்கேறிவிட்டது.

"மூணு நாளைக்கு முன்னாடி இதே இடத்துல நின்னு எனக்குப் பாடம் நடத்தினீங்க! அட்டையெல்லாம் காட்டினீங்க!"

"அட்டை சரி சார். ஆனா அது அந்தப் படத்துக்கான அட்டையில்லை."

"அப்போ இனிமே உங்க பேச்சை எப்படி நம்பறது?"

"நம்ப வேண்டாம் சார். நீங்களே வந்து அந்த சீட்டுல ஒரு நிமிஷம் உக்காருங்க. அதுக்கப்புறம் என்னை என்ன வேணா பண்ணுங்க."

அதிகாரி ஒரு பேனாவை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். கடைசியில் டிப்போவுக்குப் போன் போட்டார்.

மத்தியானம் அதே வண்டியை வளைவில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அதிகாரி மூச்சு வாங்க ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். கழுத்தைத் திருப்பாமல் நேராகப் பார்த்தார். முன்கண்ணாடியின் ஓரத்தில் மார்க்கெட் வாசலும், அதன் முன்னால் பைகளோடு ரோட்டில் இறங்கி நின்ற இருபது முப்பது பேரும் தெரிந்தார்கள். ஒரு கிழவர் யாரையும் பார்க்காமல் குறுக்கே கால் வைத்தார். அதிகாரி தன்னையறியாமல் காலால் பிரேக்கைத் தேடினார். "சந்து எங்கம்மா?" என்று கேட்டார். அக்கா விரலை நீட்டிக் காட்ட வேண்டியிருந்தது. ஒரு சுவருக்கும் விளக்குக் கம்பத்துக்கும் நடுவில் இரண்டு விரலகல இடைவெளி. அவர் இறங்கிய பிறகு அக்கா ஷீட் போட்டு, லென்ஸையும் பிலிமையும் இரண்டு முறை வாய்விட்டுச் சொல்லி, படத்தை மறுபடி எடுத்தார்.

புதன்கிழமை உத்தரவு வந்தது. டிரைவர் மேல் குற்றம் இல்லை. இன்னோர் உத்தரவும் வந்தது. இனிமேல் அக்கா எடுக்கும் ஒவ்வொரு படத்தின் பின்னாலும் டிப்போ இன்ஜினியரும் கையெழுத்துப் போட வேண்டும், அக்காவின் கையெழுத்து மட்டும் போதாது. அந்த இன்ஜினியருக்கு லென்ஸுக்கும் லாந்தருக்கும் வித்தியாசம் தெரியாது. உத்தரவைப் படித்துவிட்டு அக்கா கோப்பில் போட்டார். அவமானமாக இருக்கிறது தம்பி, என்றார். இருக்கத்தானே செய்யும்? எனக்கே இருந்தது.

டிரைவர் உத்தரவை வாங்க எங்கள் பிரிவுக்கு வந்தார். அக்கா நாற்காலியை விட்டு எழுந்தார்.

"என்னை மன்னிச்சிடுங்க. தப்பு என்னுது. உங்க பேச்சையும் கேக்காம வாயடைச்சுட்டேன்."

"ஐயோ, உக்காருங்கம்மா. நீங்களா வந்து சொல்லலைன்னா யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?" என்றார் அவர். காகிதத்தை நான்காக மடித்தார். போவார் என்று பார்த்தால் போகவில்லை. "ஞாயித்துக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன்ம்மா. டீச்சர் கட்டில் பக்கத்துல நின்னு, நான் ரோட்டைப் பார்க்காம வேற எங்கயோ பார்த்துட்டேன், மன்னிச்சிடுங்கன்னு சொல்லிட்டு வந்தேன். அவங்க அழுதாங்க. நானும் அழுதேன்."

அக்கா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப வேலை திரும்ப வந்துடுச்சு, சந்தோஷம்தான். ஆனா அந்த வளைவை நினைச்சா எனக்கு வாசல் ஞாபகத்துக்கே வரமாட்டேங்குது. உங்க படம்தான் வருது. சந்து பெரிசா, நடுவுல, சைக்கிளோட. அன்னைக்கு நான் என்ன பார்த்தேன்னு இப்ப எனக்கே தெரியலைம்மா."

அக்கா என்ன சொல்வார்? நானாக இருந்தால் எதையாவது சொல்லி மென்று விழுங்கியிருப்பேன். அவர், "நீங்க வண்டி எடுக்கிறது எப்போ?" என்று கேட்டார்.

மறுநாள் காலை டிரைவருடைய முதல் ட்ரிப்பில் அக்கா ஏறினார். கேமரா கொண்டுவரவில்லை. துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தார். டிரைவருக்குப் பின் சீட்டில், கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். வளைவு நெருங்கியதும் டிரைவரின் கழுத்து நரம்பு புடைத்தது. திரும்பியதும் வண்டியை ஏறக்குறைய நிறுத்தியே விட்டார். பின்னால் ஹாரன் அடித்தார்கள். கண்டக்டர் என்னவோ என்று எட்டிப் பார்த்தார்.

"அம்மா, வாசல் தெரியுதா?"

"தெரியுது. நீங்க தலையைத் திருப்பலை, நான் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"ஆளுங்க?"

"நிறைய பேரு நிக்கறாங்க. ஒரு அம்மா இறங்கிட்டாங்க."

"ஆமா, பார்த்துட்டேன்." அந்த அம்மா குறுக்கே கடந்து போகும்வரை டிரைவர் பிரேக்கில் கால் வைத்திருந்தார். பிறகு புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்போ அன்னைக்கு நான் ரோட்டைத்தான்மா பார்த்துட்டிருந்தேன்."

"ரோட்டைத்தான் பார்த்துட்டிருந்தீங்க" என்றார் அக்கா.